கடோத்கஜன் சிரித்த சிரிப்பு எங்கிருந்து வந்தது?

ஓசூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனால், பந்தியில் இலை போடும் நேரத்தில் ஸ்பீக்கரில் ஒரு பாட்டைக் கேட்க வாய்ப்பு உண்டு. பெண் வீட்டார் தெலுங்கு பேசுகிறவர்கள் என்றால் 'விவாஹ போஜனம்பு'. தமிழ் பேசுகிறவர்கள் என்றால் 'கல்யாண சமையல் சாதம்'. மெட்டு ஒன்றுதான். பாட்டின் நடுவே வரும் அந்த இடிச்சிரிப்பும் ஒன்றுதான். சாம்பார் வாளியோடு ஓடுகிற பையன்கூட அந்த இடம் வந்ததும் சேர்ந்து சிரித்துவிட்டுத்தான் அடுத்த இலைக்குப் போவான்.

'மாயாபஜார்' படத்துப் பாட்டு. 1957-ல் வந்தது. அறுபது வருஷத்துக்கு மேல் ஆகியும் பழசாகவே இல்லை. ஆனால் அந்தச் சிரிப்புக்கு வயது அறுபது அல்ல, நூற்று முப்பதுக்கும் மேல்! அது முதலில் சிரிக்கப்பட்டது துவாரகையிலும் இல்லை, சென்னை வடபழனியிலும் இல்லை. நியூயார்க் பக்கம், ஒரு ஊதுகுழலுக்கு முன்னால் நின்ற ஒரு கறுப்பின மனிதர் சிரித்தது அது. அந்தக் கதையைத் தெரிந்துகொண்டால் அடுத்த கல்யாணத்தில் இந்தப் பாட்டு வேறு மாதிரி கேட்கும்.

முதலில் படத்தைப் பற்றிக் கொஞ்சம்.

விஜயா நிறுவனம் (நாகி ரெட்டி, சக்கரபாணி கூட்டணி) எடுத்த படம். இயக்கம் கே.வி. ரெட்டி. கேமரா மார்கஸ் பார்ட்லி. தெலுங்கு, தமிழ் இரண்டையும் சேர்த்தே எடுத்தார்கள். 1957 மார்ச் 27-ல் தெலுங்குப் படமும், அடுத்த மாதம் தமிழ்ப் படமும் வெளியாயின. கிருஷ்ணராக என்.டி. ராமராவ், கடோத்கஜனாக எஸ்.வி. ரங்காராவ், பலராமரின் மகளாக சாவித்திரி. இவர்கள் இரண்டு மொழியிலும் உண்டு. அபிமன்யு மட்டும் தெலுங்கில் நாகேஸ்வர ராவ், தமிழில் ஜெமினி கணேசன். மாப்பிள்ளை லட்சுமண குமாரனாகத் தெலுங்கில் ரேலங்கி, தமிழில் தங்கவேலு.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். பலராமரின் மகளுக்கும் அபிமன்யுவுக்கும் காதல். பாண்டவர்கள் சூதில் எல்லாவற்றையும் இழந்ததும் பலராமர் வீட்டில் மனம் மாறிப்போகிறது. பெண்ணைத் துரியோதனன் மகனுக்குக் கொடுப்பது என்று முடிவாகிறது. அந்தக் கல்யாணத்தைக் கலைக்க வருகிறவன் பீமனுக்கும் இடும்பிக்கும் பிறந்த கடோத்கஜன். மாயத்தால் ஒரு ஊரையே உண்டாக்கி, கௌரவர்களை அதற்குள் அடைத்து, படாத பாடு படுத்துகிறான். இந்தக் கல்யாணக் கதை வியாசர் பாரதத்தில் கிடையாது. நம் நாட்டு மக்கள் சொல்லிச் சொல்லி வளர்த்தது. ஊர் ஊராக நாடகம் போட்டு ஊறிப்போன கதை.

கல்யாண விருந்துக்கென்று அடுக்கி வைத்த பண்டங்களைக் கடோத்கஜன் ஒற்றை ஆளாக உட்கார்ந்து தீர்க்கும் காட்சியில்தான் நம்ம பாட்டு. லட்டுகள் தாமாகப் பறந்து அவன் வாய்க்குள் போகும். கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் என்ற பேச்சே இல்லாத காலம். எல்லாம் கேமராவில் செய்த வித்தை. தெலுங்கில் பாடியவர் மாதவபெத்தி சத்யம், தமிழில் திருச்சி லோகநாதன். படத்தின் இசைக்கு முதலில் இருந்தவர் எஸ். ராஜேஸ்வர ராவ். அவர் சில பாட்டுக்கு மெட்டுப் போட்டுவிட்டு விலகியபின் மீதியை முடித்தவர் கண்டசாலா.

இரண்டு மொழிப் பாட்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒரு வேடிக்கை புலப்படும். தெலுங்குப் பாட்டை எழுதியவர் பிங்கலி நாகேந்திர ராவ். அவர் இலையில் காரெலு, பூரெலு, அரிசெலு, அப்பளம், புளிஹோரா என்று ஆந்திரக் கல்யாணத்துப் பலகாரங்களை வைத்தார். தமிழ்ப் பாட்டை எழுதியவர் தஞ்சை ராமையாதாஸ். அவர் இதை அப்படியே மொழிபெயர்க்கவில்லை. இலையையே மாற்றிவிட்டார்! பஜ்ஜியும் சொஜ்ஜியும் வந்துவிட்டன. பெண் பார்க்கப் போகிற வீட்டில் தட்டில் வருமே, அதே பஜ்ஜி சொஜ்ஜி. கூடவே புளியோதரை, சாம்பார், பூரி கிழங்கு. துவாபர யுகத்தில் உருளைக்கிழங்கு ஏது என்று யாரும் கேட்கவில்லை. உருளைக்கிழங்கு தென் அமெரிக்காவிலிருந்து கப்பல் ஏறி நம் நாட்டுக்கு வந்ததே போர்ச்சுகீசியர் வந்த பிறகுதான். ஆனாலும் கடோத்கஜன் அதைச் சாப்பிட்டது யாருக்கும் உறுத்தவில்லை. அவன் நம் வீட்டுப் பந்தியில் உட்கார்ந்துவிட்டான், அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம். படம் வருவதற்கு ஐந்து மாதம் முன்புதான், 1956 நவம்பர் 1-ல், மொழிவாரி மாநிலங்கள் அமைந்தன. ஆந்திரா ஒரு பக்கம், அன்றைய மைசூர் ஒரு பக்கம், சென்னை மாநிலம் ஒரு பக்கம். தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழியாகப் பேசும் மக்கள் ஏராளமாக இருந்த ஓசூர் வட்டம், சேலம் மாவட்டத்தோடு சென்னை மாநிலத்திலேயே நின்றது. (தருமபுரி மாவட்டம் வந்தது 1965-ல். கிருஷ்ணகிரி மாவட்டம் 2004-ல்.) வரைபடத்தில் மொழியை வைத்துக் கோடு போட்ட அதே நேரத்தில், ஒரே மெட்டு, ஒரே சிரிப்பு, இரண்டு மொழிச் சோறு என்று ஒரு பாட்டு வந்தது. கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சொந்தக்காரர்கள் உள்ள ஊருக்கு இதைவிடப் பொருத்தமான பாட்டு கிடைக்காது. படம் பிறகு கன்னடத்திலும் டப் ஆனது. ஒப்பட்டும் ராகி முத்தையும் பாட்டில் இல்லை என்பது ஒன்றுதான் குறை!

சரி, மெட்டு யாருடையது?

"எல்லாம் இங்கிலீஷ் பாட்டைக் காப்பி அடித்தது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்கள் உண்டு. அது பாதி உண்மை. மீதிப் பாதிதான் சுவாரசியம்.

தெலுங்கு சினிமா வரலாறு எழுதியவர்கள் இந்தப் பாட்டுக்கு ஒரு வம்சாவளி சொல்கிறார்கள். படத்துக்கு முன்பே, 1940களில் பி. நாகராஜகுமாரி என்பவர் பாடிய 'ஜானகி சபதம்' என்ற ஹரிகதை கிராமபோன் தட்டில் இந்தப் போக்கு இருந்தது. அதற்கும் தூண்டுதல் சுரபி நாடகக் குழு. இந்தச் சுரபி சாதாரணக் குழு அல்ல. 1885-ல் கடப்பா மாவட்டத்துச் சுரபி கிராமத்தில் வனாரச கோவிந்த ராவ் தொடங்கியது. குடும்பம் குடும்பமாக நடிப்பவர்கள். தாத்தா துரியோதனன், பேரன் அபிமன்யு என்கிற மாதிரி. ஆட்களைக் கயிற்றில் பறக்கவிடுவது, மேடையில் நெருப்பு வரவைப்பது எல்லாம் அவர்கள் கைவந்த கலை. 'மாயாபஜார்' அவர்களுடைய புகழ்பெற்ற நாடகங்களில் ஒன்று.

ஊர் ஊராகப் போன அந்த நாடகக்காரர்களுக்கு இங்கிலீஷ் மெட்டு எப்படிக் கிடைத்தது? கிராமபோன் தட்டு வழியாகத்தான். லண்டனில் பதிவான தட்டுகள் கல்கத்தா, பம்பாய், சென்னைக் கடைகளுக்கெல்லாம் வந்து இறங்கிய காலம் அது. அப்படி வந்த தட்டுகளில் ஒன்று 'தி லாஃபிங் போலீஸ்மேன்', அதாவது சிரிக்கும் போலீஸ்காரர். பாடியவர் சார்லஸ் பென்ரோஸ் என்ற ஆங்கிலேய நகைச்சுவைப் பாடகர். முதல் பதிவு 1922-ல் வந்தது. 1926-ல் மறுபடியும் பதிவு செய்தார். குண்டான போலீஸ்காரர் ஒருவர் எதற்கெடுத்தாலும் அடக்க முடியாமல் சிரிக்கிறார். இவ்வளவுதான் பாட்டு. பாஷை தெரியாதவனும் கேட்டுச் சிரிக்கலாம் என்பதால் கடல் தாண்டி வர அதற்குத் தடையே இருக்கவில்லை. அதையும் 'விவாஹ போஜனம்பு'வையும் அடுத்தடுத்துக் கேட்டால் உறவு உடனே தெரிந்துவிடும்.

பெரும்பாலானவர்கள் இதோடு நிறுத்திவிடுவார்கள். மூலம் கிடைத்துவிட்டது, வெள்ளைக்காரன் பாட்டு, கதை முடிந்தது என்று. ஆனால் பென்ரோஸும் இந்த மெட்டைச் சொந்தமாகப் போடவில்லை. தட்டில் பாட்டாசிரியர் என்று போட்டிருந்தது அவர் மனைவியின் புனைபெயர். மெட்டும் சிரிப்பும் வந்தது முப்பது வருஷத்துக்கு முந்தைய அமெரிக்கப் பதிவு ஒன்றிலிருந்து. அந்தப் பாட்டின் பெயர் 'தி லாஃபிங் சாங்', அதாவது சிரிப்புப் பாட்டு. பாடியவர் ஜார்ஜ் வாஷிங்டன் ஜான்சன்.

ஜான்சன் 1846 வாக்கில், அடிமை முறை சட்டப்படி நடந்துகொண்டிருந்த வர்ஜீனியாவில் பிறந்த கறுப்பின மனிதர். பின்னாளில் நியூயார்க்குக்கு வந்து, படகுத்துறைகளில் விசில் அடித்துப் பாடி, போகிற வருகிறவர்கள் போடும் காசில் வாழ்ந்தார். எடிசன் 1877-ல் கண்டுபிடித்த போனோகிராப் அப்போதுதான் வியாபாரமாக மாறிக்கொண்டிருந்தது. காசு போட்டால் பாட்டுக் கேட்கும் பெட்டிகளை வைத்திருந்தவர்களுக்குப் புதுப் பாட்டு வேண்டும். மைக் கிடையாது. பெரிய ஊதுகுழலுக்கு முன்னால் நின்று கத்திப் பாடினால், அந்த அதிர்வு மெழுகு உருளையில் கோடாக விழும். மெல்லிய குரல் எடுபடாது. ஜான்சனின் விசிலும் சிரிப்பும் கணீரென்று பதிந்தன. 1890 வாக்கில் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். வியாபாரத்துக்காக ஒலிப்பதிவு செய்த முதல் கறுப்பின அமெரிக்கர் அவர்தான்.

கூலி எவ்வளவு தெரியுமா? இரண்டு நிமிஷப் பாட்டு ஒன்றைப் பாட 20 சென்ட்.

இங்கேதான் கணக்கைக் கவனிக்க வேண்டும். ஒரு பதிவிலிருந்து ஆயிரக்கணக்கில் பிரதி எடுக்கும் முறை அப்போது இல்லை. மூன்று நான்கு இயந்திரங்களை வரிசையாக நிறுத்தி, அவற்றுக்கு முன்னால் அவர் ஒருமுறை பாடினால் மூன்று நான்கு உருளைகள் கிடைக்கும். இன்னும் வேண்டுமா? மறுபடி பாடு. அதற்கு மேலும் வேண்டுமா? மறுபடி சிரி. இப்படி ஒரே நாளில் ஐம்பது தடவைக்கு மேல்கூட ஒரே பாட்டைப் பாடியிருக்கிறார். சிப்காட் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்கு வேலை பார்க்கிறவர்களுக்கு இது உடனே புரியும். அங்கே பீஸ் என்பது நட்டு, போல்ட்டு. இங்கே பீஸ் என்பது சிரிப்பு.

1890களின் நடுவில் அமெரிக்காவில் மிக அதிகமாக விற்ற பதிவுகளில் ஒன்று ஜான்சனின் சிரிப்புப் பாட்டு. ஆயிரக்கணக்கான உருளைகள் விற்றன. விற்பனையில் அவருக்குப் பங்கு கிடையாது. பாடிய தடவைக்குக் கூலி, அத்தோடு சரி.

அவர் எதைப் பார்த்துச் சிரித்தார் என்பது இன்னும் கசப்பு. பாட்டில் அவர் தெருவில் நடந்து போகிறார். அவருடைய நிறத்தையும் உருவத்தையும் சொல்லி ஊரார் கேலி செய்கிறார்கள். அந்தக் கேலியை அவரே எடுத்துச் சொல்லிவிட்டு, அவரே விழுந்து விழுந்து சிரிக்க வேண்டும். அதைக் கேட்டுக் காசு போட்டவர்கள் சிரிப்பார்கள். அன்றைய அமெரிக்க மேடையில் ஒரு கறுப்பின மனிதர் பிழைக்க வேண்டும் என்றால் அநேகமாக இதுதான் வழி. தன்னையே கேலிப்பொருளாக்கி விற்பது. அதையும் ஒரு நாளில் ஐம்பது தடவை.

பிறகு தொழில்நுட்பம் முன்னேறியது. 1902 வாக்கில் ஒரே மூலப் பதிவிலிருந்து அச்சு எடுத்து ஆயிரக்கணக்கில் உருளை வார்க்கும் முறை பரவியது. கம்பெனிகளுக்கு லாபம். ஜான்சனுக்கு வேலை போயிற்று! திரும்பத் திரும்பப் பாட ஆள் தேவையில்லையே. இடையில் 1899-ல் உடன் வாழ்ந்த பெண் இறந்துபோனதில் அவர் மேல் கொலை வழக்கு வந்தது. அதிலிருந்து விடுதலையானார். கடைசிக் காலத்தில், தன்னோடு பதிவு செய்த வெள்ளைக்காரப் பாடகர் லென் ஸ்பென்சரின் அலுவலகத்தில் வாசல் காப்பவராக இருந்தார். 1914-ல் வறுமையில் இறந்தார். நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் பெயர்க்கல் இல்லாத குழியில் புதைத்தார்கள். அங்கே அவர் பெயரோடு ஒரு கல் வைக்கப்பட்டது 2014-ல், சரியாக நூறு வருஷம் கழித்து. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் தேசியப் பட்டியலில் அவருடைய சிரிப்புப் பாட்டைச் சேர்த்ததும் அதே சமயத்தில்தான்.

ஜான்சன் இறந்து எட்டு வருஷம் கழித்து லண்டனில் பென்ரோஸ் அந்த மெட்டைப் பாடினார். அதில் கறுப்பின மனிதரைக் காணோம். கேலியும் இல்லை, வலியும் இல்லை. குண்டுப் போலீஸ்காரரும் சிரிப்பும் மட்டும் மிச்சம். இங்கிலாந்தில் அது குழந்தைகளுக்குப் பிடித்த பாட்டாகவே ஆகிவிட்டது. அங்கிருந்து கப்பலில் ஏறி நம் நாட்டுக்கு வந்து, நாடக மேடையில் ஏறி, ஹரிகதைத் தட்டில் சுற்றி, விஜயாவின் ஸ்டுடியோவில் வந்து நின்றது.

இப்போது கடோத்கஜனைப் பாருங்கள்.

அவன் யார்? காட்டில் பிறந்தவன். இடும்பி என்ற அரக்கியின் மகன். அரண்மனைக்காரர்கள் பார்வையில் அவன் அழைக்கத் தகாத ஆள். அவன் உருவத்தையும் நிறத்தையும் கண்டாலே பயப்படுவார்கள், அல்லது முகம் சுளிப்பார்கள். அப்படிப்பட்டவன் அரசகுலக் கல்யாணத்து விருந்துக்கு நடுவே உட்கார்ந்து, பணத்தைப் பார்த்துச் சொல் மாறிய பெரிய மனிதர்களை நினைத்து, வயிறு குலுங்கச் சிரிக்கிறான். யாரும் அவனைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அவன்தான் எல்லோரையும் பார்த்துச் சிரிக்கிறான்.

ஜான்சன் தன்னைக் கேலி செய்தவர்களுக்காகச் சிரிக்க வேண்டியிருந்தது. கடோத்கஜனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கே.வி. ரெட்டிக்கோ கண்டசாலாவுக்கோ ஜான்சனை மனதில் வைத்து இதைச் செய்யும் எண்ணம் இருந்திருக்கும் என்று சொல்வதற்கில்லை. ஆனாலும் மெட்டு உலகத்தைச் சுற்றி வந்தபோது சிரிப்பின் திசை மாறிவிட்டது. "காப்பி" என்ற ஒரு சொல் இதைச் சொல்லாது. மெட்டு கடன் வாங்கியது, உண்மை. ஆனால் அந்த மெட்டுக்குள் போட்ட சோறு, சொல், சிரிப்பின் பொருள் எல்லாம் இங்கே சமைத்தது.

அதற்காகக் கடனை மறந்துவிடலாமா என்றால், கூடாது. 'மாயாபஜார்' வந்த அதே 1957-ல்தான் இந்தியாவின் காப்புரிமைச் சட்டமும் நிறைவேறியது. அடுத்த வருஷம் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டத்திலும் சினிமாப் பாட்டுக்கு முதல் உரிமையாளர் பொதுவாகத் தயாரிப்பாளர்தான். பாட்டு எழுதியவரும் மெட்டுப் போட்டவரும் ஒருமுறை சம்பளம் வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான். படத்துக்கு வெளியே பாட்டு ஒலிக்கும்போது வரும் ராயல்டியில் அவர்களுக்குப் பங்கு உண்டு, அதை அவர்களே எழுதிக் கொடுத்தாலும் விட்டுக்கொடுக்க முடியாது என்று சட்டத்தைத் திருத்தியது 2012-ல்தான். அதற்கு 47 வருஷம் முன்பே, 1965-ல், ராமையாதாஸ் காலமாகிவிட்டார். பஜ்ஜி சொஜ்ஜியை இலையில் வைத்த அவரும், தடவைக்கு 20 சென்ட் வாங்கிய ஜான்சனும் ஒரே கணக்கில்தான் வருகிறார்கள். பாட்டு சம்பாதித்துக்கொண்டே இருந்தது. பாட்டைத் தந்தவருக்குக் கணக்கு முதல் நாளிலேயே முடிந்துவிட்டது.

இன்னும் அந்தப் பாட்டு சம்பாதிக்கிறது. 1988-ல் 'விவாஹ போஜனம்பு' என்ற பெயரிலேயே தெலுங்கில் ஒரு படம் வந்தது. 2013-ல் 'கல்யாண சமையல் சாதம்' என்று தமிழில் ஒரு படம் வந்தது. தெலுங்கு 'மாயாபஜார்' 2010-ல் கலராக்கப்பட்டு மறுபடியும் தியேட்டருக்கு வந்தது. 2013-ல் சி.என்.என்-ஐ.பி.என் நடத்திய ஓட்டெடுப்பில் இந்தியாவின் தலைசிறந்த படமாகவும் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். கல்யாணக் கேட்டரிங் விளம்பரத்திலிருந்து செல்போன் ரிங்டோன் வரைக்கும் அந்த முதல் வரி போகாத இடம் இல்லை.

அடுத்த முறை ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ ஏதாவது ஒரு மண்டபத்தில் இலை முன்னால் உட்காரும்போது இந்தப் பாட்டு வந்தால், தெலுங்கோ தமிழோ, தாராளமாகச் சேர்ந்து சிரியுங்கள். சிரிக்கத்தான் அந்தப் பாட்டு. பக்கத்து இலைக்காரர், "அந்தக் காலத்துப் பாட்டு, ரங்காராவ் என்னமா நடிச்சிருக்காரு" என்று சொன்னால் தலையாட்டிவிட்டு, பாயசம் வருவதற்குள் ஜார்ஜ் ஜான்சன் என்ற பெயரையும் அவரிடம் சொல்லி வையுங்கள். லோகநாதன், சத்யம், ராமையாதாஸ், பிங்கலி பெயர்களைச் சொல்கிற பந்தியில் அவருக்கும் ஒரு இலை போடலாம்.